புளோரிடாவின் பெரணிப் புழுக்கள்

அமெரிக்கப் பொக்கேக்களில் ரோஜாவுக்குப் பின்னால் முக்கோணமாய் விரிந்து நிற்கும் கரும்பச்சை இலை, லெதர்லீஃப் என்னும் பெரணி. பூவின் பெயரைக் கேட்பவர்கள் உண்டு. அந்த இலையின் பெயரை யாரும் கேட்பதில்லை. புளோரிடாவின் பியர்சன் என்ற சிற்றூர் அதை வைத்தே 'உலகின் பெரணித் தலைநகர்' என்று பெயர் சூட்டிக்கொண்டிருக்கிறது. நிழல்வலைக்கும் ஓக் மரங்களுக்கும் அடியில் வளர்வதைக் கையால்தான் அறுக்கிறார்கள். அறுப்பவர்களில் பலர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள்.

இந்தத் தோட்டக்காரர்களின் தலைவலி புளோரிடா பெரணி அந்துப்பூச்சி. கல்லோபிஸ்ட்ரியா புளோரிடென்சிஸ் என்று 1852-ல் அதை அறிவியலில் பதிவு செய்தவர் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் கெனே. இதன் புழு பச்சையாகவும் இருக்கும், வெல்வெட் போன்ற கறுப்பாகவும் இருக்கும். பகலில் செடியின் அடியில் பதுங்கிவிட்டு, இருட்டியதும் ஏறி மேயும். பெரணிக்குப் பூவும் இல்லை, காயும் இல்லை, இலைதான் சரக்கு. அதில் ஒரு கடி விழுந்தாலும் தண்டு கழிவுக்குப் போகிறது. அதனால் மருந்தடிக்கிறார்கள். இத்தனைக்கும் லெதர்லீஃப்தான் வெளியூர்ச் சரக்கு. தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் விளைவது. மண்ணின் மைந்தன் அந்துப்பூச்சிதான்!

அதே மாநிலத்தின் தெற்கே கதை தலைகீழ். அங்கே வெளியிலிருந்து வந்து எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தை மூடிக்கொண்டிருப்பது லைகோடியம் என்னும் கொடிப் பெரணி. ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியாவில் இயல்பாக வளரும் இதை அலங்காரத்துக்கென்று கொண்டுபோனார்கள். 1960-களில் காட்டுக்குள் தப்பிவிட்டது. ஒரு கொடியே 30 மீட்டர் வரை நீளும். காற்றில் பறந்து விழும் ஒற்றை வித்து போதும், புதுக் கூட்டம் உண்டாக. மரத்தின் உச்சிவரை ஏறிப் படர்வதால், தரையோடு போகவேண்டிய காட்டுத் தீயும் அந்தக் கொடியைப் பிடித்து உச்சிக்குத் தாவுகிறது. மருந்தும் அரிவாளும் இதற்கு ஈடுகொடுக்கவில்லை.

எனவே கொடியின் பூர்வீகத்திலேயே அதற்கான எதிரியைத் தேடினார்கள். முதலில் விட்ட ஓர் அந்துப்பூச்சி நிலைக்கவில்லை. 2008-ல் ஜோனதன் டிக்கின்சன் மாநிலப் பூங்காவில் நியோமுசோடிமா என்ற சின்னஞ்சிறு பழுப்பு அந்துப்பூச்சியை விட்டார்கள். அது பிழைத்துப் பெருகியது. அதன் புழுக்கள் மேய மேய, சில மாதங்களில் கொடியின் பச்சைத் திரைகள் பழுப்பாகத் தொடங்கின. வேறு செடிகளைத் தின்னுமா என்று தனிக்கூடத்தில் அடைத்துச் சோதித்த பிறகே வெளியே விட்டார்கள். அந்த எச்சரிக்கை மெச்சத்தக்கது.

இன்றும் ஃபோர்ட் லாடர்டேலில் உள்ள வேளாண் துறை ஆய்வுக்கூடம் இந்தப் புழுவை வளர்த்துக் காட்டில் விடுகிறது. வளர்க்கத் தீனி வேண்டுமே! காட்டில் ஒழிக்க நினைக்கும் அதே கொடியை, கண்ணாடிக் குடிலுக்குள் தொட்டி தொட்டியாக நட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.