விரிசல் கண்ட திரை

மனிதன் ஆக்கிக்கொண்ட பொருள்களுள் கண்ணாடியைப் போல நமக்கு உதவுவனவும் சிலவே. அதனைப் போல எதிர்பாராத வேளையில் நம்மைக் கைவிடுவனவும் சிலவே. முகம் பார்க்கும் ஆடியையும் மூக்குக் கண்ணாடியையும் ஆண்டுக்கணக்காகப் போற்றி வைத்திருப்போம். ஒரு நாள், காரணம் இன்னதென்று தெரியாமலே அவை பிளவுபட்டுக் கிடக்கும். "யார் உடைத்தது?" என்னும் வினா எழும். "நான் இல்லை" என்னும் விடை வீட்டின் நாற்புறமிருந்தும் வரும். இக்காலத்தில் இவ்வினா வீட்டு வாயிலைக் கடந்து, பொருளை விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே வழக்காகவும் வளர்ந்துள்ளது. அவ்வழக்குக்குப் பெரிதும் இடமாவது மடிக்கணினியின் திரையாகும். 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கத் தொடங்கிய பின்னர், சிற்றூர்களிலும் அக்கருவி பழகிய பொருளாயிற்று. ஆதலின் அதன் திரை எத்தகையது, அஃது ஏன் உடைகின்றது, உடைந்தால் செய்யத்தக்கது யாது என்பவற்றை அறிந்துகொள்ளுதல் நலம்.

என் பெயர்த்தி பொறியியற் கல்லூரியில் இறுதியாண்டு பயின்றுகொண்டிருந்தாள். அவளுடைய மடிக்கணினி வாங்கி நான்கு திங்களே ஆகியிருந்தது. ஒரு நாள் இரவு மூடி வைத்த கணினியை மறுநாட் காலையில் திறந்தாள். திரையின் கீழ்மூலையிலிருந்து ஒரு கோடு மேல்நோக்கி ஓடியிருந்தது. அதனருகே மை கொட்டினாற்போன்ற கருந்திட்டு ஒன்று படர்ந்திருந்தது. இன்னும் பன்னிரண்டு நாளில் அவள் தன் ஆய்வேட்டினைக் கல்லூரியில் ஒப்படைத்தல் வேண்டும். கருவியைப் பழுதுபார்க்கும் நிலையத்துக்கு எடுத்துச் சென்றோம். அங்கிருந்தவர் அதனை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வெளியிலிருந்து ஏற்பட்ட சேதம், உத்தரவாதம் செல்லாது, புதிய திரைக்குப் பணம் கட்டவேண்டும்" என்றார். அவர் கேட்ட தொகை கணினியின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. "யாரும் அடிக்கவில்லை, ஐயா" என்றாள் பெயர்த்தி. "எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், அம்மா" என்றார் அவர். இருவர் கூற்றுள் எது மெய்? இதனைத் துணிவதற்கு முன்னர்த் திரையின் இயல்பை அறிதல் வேண்டும்.

பெரும்பாலான மடிக்கணினிகளின் திரை ஒற்றைக் கண்ணாடி அன்று. மெல்லிய கண்ணாடித் தகடுகள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. ஒவ்வொன்றின் கனமும் அரை மில்லிமீட்டர் அளவோ அதனினும் குறைவோ ஆகும். அவற்றின் இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறு செய்தால் அவற்றுள் நான்கைந்து கூறேயாகும். அவ்விடைவெளியில் நீர்மப் படிகம் என்னும் பொருள் நிரம்பியுள்ளது. தகடுகளின் பின்புறத்தே விளக்கொளி உண்டு. இருபுறமும் ஒளியை ஒரே தளத்தில் அதிரச் செய்யும் மென்படலங்கள் உண்டு. மின்னழுத்தம் மாறும்போது படிக மூலக்கூறுகள் திரும்பி நிற்கும். அதனால் ஒளி ஓரிடத்தில் புறப்படும், ஓரிடத்தில் தடைப்படும். இங்ஙனம் ஒளியும் இருளும் கலந்து எழுத்தும் படமும் தோன்றுகின்றன. குறுக்கே 1920, நெடுக்கே 1080 என அமைந்த திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கூறுடையது. ஆகவே அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட நுண்கூறுகள் நம் கண்முன்னே இமைப்பொழுதில் பணிபுரிகின்றன.

இந்நீர்மப் படிகம் கண்டறியப்பட்ட வரலாறு சுவையானது. பிராக் நகரில் பணியாற்றிய தாவரவியலறிஞர் பிரீட்ரிக் ரைனிட்சர் என்பார் 1888-ஆம் ஆண்டில் ஒரு பொருளைச் சூடாக்கினார். அது 145.5 பாகை வெப்பத்தில் உருகிக் கலங்கலாயிற்று, 178.5 பாகையில் மீண்டும் மாறித் தெளிவாயிற்று. ஒரு பொருளுக்கு உருகுநிலை இரண்டு உண்டோ என வியந்த அவர், இயற்பியலறிஞர் ஓட்டோ லேமனுக்கு எழுதினார். நீர் போல ஓடுவதும் படிகம் போல ஒழுங்குடையதும் ஆகிய புதுநிலை அது என்பதை லேமன் ஆய்ந்து காட்டினார். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழிந்தபின், 1968-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் ஜார்ஜ் ஐல்மயரும் அவர்தம் குழுவினரும் இப்பொருளைக் கொண்டு காட்சித்திரை அமைக்கலாம் என்பதைச் செய்து காட்டினர்.

இனி, இத்திரை உடைதற்குரிய காரணங்களைக் காண்போம். கீழே விழுதலும் அடிபடுதலும் யாவரும் அறிந்தவை. அறியாமலே நிகழ்வன வேறு சில. விசைப்பலகையின்மேல் ஒரு சிறு கல்லோ, பென்சில் துண்டோ, காதொலிக்கருவியோ கிடக்க, அதனை நோக்காமல் மூடினால் அவ்விடத்தில் அழுத்தம் குவிந்து கண்ணாடி பிளக்கும். திறந்த கணினியைத் திரையின் ஒரு மூலையைப் பற்றித் தூக்கினால் தகடு முறுக்குண்ணும். புத்தகச் சுமைக்கிடையே பையில் திணித்தாலும் அழுத்தம் உண்டாகும். ஒளிப்படக் கண்ணை மறைக்க ஒட்டும் மூடியும் தீங்கு செய்யும். ஆப்பிள் நிறுவனம் இத்தகைய மூடியோடு தன் மடிக்கணினிகளை மூடவேண்டா என 2020-ஆம் ஆண்டில் அறிவுரை வெளியிட்டது; மூடி இட்டே தீரவேண்டுமாயின், அதன் கனம் 0.1 மில்லிமீட்டருக்கு, அஃதாவது ஒரு காகிதத்தாளின் கனத்திற்கு மேற்படலாகாது என்றும் கூறியது. இவையேயன்றிச் செய்தவர்பாற் குற்றமாவனவும் உண்டு. கீல் இறுகி இருப்பின் திறக்கும்போதெல்லாம் தகட்டின் மூலை வளையும். சட்டம் செவ்வனே பொருந்தாவிடினும் தகடு ஓயாது அழுத்தப்பட்டிருக்கும்.

"அழுத்தம் நேற்று, விரிசல் இன்று. இஃது எங்ஙனம் பொருந்தும்?" என்று வினவலாம். ஆங்கில நாட்டு அறிஞர் கிரிபித் என்பார் 1921-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இதற்கு வழிகாட்டுகின்றது. கணக்கின்படி கண்ணாடிக்கு இருக்கவேண்டிய வலிமை மிகப் பெரிது. உண்மையில் காணப்படும் வலிமையோ மிகச் சிறிது. கண்ணுக்குப் புலனாகாத நுண்கீறல்கள் அதில் இருப்பதே காரணம் என அவர் விளக்கினார். கண்ணாடியில் விசை செலுத்தினால் அஃது அக்கீறல்களின் முனையில் குவியும். விசை நீடித்து நிற்பின், காற்றிலுள்ள ஈரமும் துணையாக, நுண்கீறல் சிறிது சிறிதாக வளரும். ஓர் எல்லையைத் தாண்டியவுடன் ஒரு நொடியில் ஓடிப் பிளந்துவிடும். ஆகவே, தொடுவாரின்றி மேசைமேற் கிடந்த திரை இரவில் விரிசலுறுதல் கூடாத செயலன்று. அவ்விரிசலின் வித்து ஆலையிலும் விழுந்திருக்கலாம்; நம் கையிலும் விழுந்திருக்கலாம்.

அடுத்து, உத்தரவாதம் என்பது யாது? பொருளைச் செய்ததில் குறையோ, சேர்த்த உறுப்பில் பழுதோ குறித்த காலத்துக்குள் தோன்றினால், விலை பெறாமல் சீர்செய்து தருவதாகச் செய்தவர் தரும் உறுதிமொழியே அது. விழுந்து உடைதலும் நீர்பட்டுக் கெடுதலும் பெரும்பாலும் அதனுள் அடங்கா. அவற்றுக்கெனத் தனிக் காப்பினை விலை கொடுத்துப் பெறுதல் உண்டு. ஆகவே வழக்கு முழுவதும் ஒரே வினாவில் வந்து நிற்கின்றது. குறை பிறந்தது ஆலையிலா, வீட்டிலா?

நம் முன்னோர் உண்மையை அறியும் கருவிகளை அளவைகள் என்றனர். மணிமேகலைக் காப்பியத்துள்ளும் அளவைகள் விரித்துரைக்கப்பட்டுள்ளன. கண்ணால் நேரே காண்பது காட்சியளவை. கண்டதைக் கொண்டு காணாததை உணர்வது கருதலளவை. மலைமேற் புகையைக் கண்டவன் அங்கே நெருப்புண்டு எனத் துணிகின்றான். அத்துணிபு பிழையாகாது, ஏனெனில் நெருப்பின்றிப் புகை எழுவதில்லை. விரிசலைக் கண்டு அடியைத் துணிவது அங்ஙனம் ஆகுமா? ஆகாது. அடியின்றியும் விரிசல் உண்டாகும் எனக் கண்டோம் அல்லமோ? ஆகவே, "விரிசல் உளது, ஆதலின் நீ அடித்தாய்" என்னும் நிலையத்தாரின் கூற்று வழுவுடையது. அதுபோலவே, "நான் அடிக்கவில்லை, ஆதலின் ஆலையே குற்றவாளி" என்னும் கூற்றும் வழுவுடையதே. அடிக்காமலே அழுத்தியிருக்கலாம் அன்றோ?

துணிபுக்கு வேண்டுவன அடையாளங்கள். ஒரு புள்ளியிலிருந்து சிலந்தி வலை போலக் கோடுகள் பரவியிருப்பின், அவ்விடத்தில் ஏதோ ஒன்று அழுத்தியது எனக் கருதலாம். வெளி மூடியில் நசுங்கலோ மூலையில் தேய்வோ இருப்பின் வீழ்ச்சியை ஐயுறலாம். கண்ணாடி பிளவாமல் நிறக்கோடுகள் மட்டும் தோன்றின், மின்னிணைப்பின் பழுதாதல் கூடும். மூடியை அசைக்குந்தோறும் படம் நடுங்கின் கீலின் வழிச் செல்லும் கம்பியை நோக்குதல் வேண்டும். இவற்றை ஆராயாமல் "வெளிச்சேதம்" என ஒரு சொல்லால் முடித்தல் முறையன்று.

நிலையத்திலிருந்து திரும்பிய அன்றிரவே நான் நிறுவனத்துக்குச் சினத்தோடு ஒரு மடல் எழுதினேன். "எம் வீட்டில் எவரும் இக்கருவிக்கு எத்தீங்கும் செய்யவில்லை என உறுதி கூறுகின்றேன்" என்பது அதன் முதல் வரி. பெயர்த்தி அதனைப் படித்தாள். "தாத்தா, அன்று மாலை கணினியில் சுவடிப் படங்களைப் பார்த்துவிட்டு மூடியது நீங்கள்தாமே? உங்கள் பென்சில் எங்கே இருந்தது?" என்றாள். என் கை எழுதுகோலோடு நின்றது. படிக்கும்போது குறிப்பெடுப்பது என் வழக்கம். காலையில் அப்பென்சில் மேசைமேற் கிடந்தது. இரவில் அது விசைப்பலகைமேற் கிடந்ததா, மேசைமேற் கிடந்ததா? எத்துணை எண்ணியும் நினைவு வரவில்லை. நாற்பதாண்டு மாணவர்க்கு அளவை பாடஞ் சொன்ன நான், காணாததைக் கண்டதாக எழுதிக் கையொப்பமும் இட இருந்தேன்!

அம்மடலைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினோம். கருவி கீழே விழவில்லை என்பதை அறிவோம் என்றும், மூடும்போது ஏதேனும் இடையில் இருந்ததா என்பதை அறியோம் என்றும் உள்ளவாறே கூறினோம். வெளி மூடியில் நசுங்கல் இல்லாமையையும், கோடு கீலின் அருகே தொடங்குவதையும் ஒளிப்படத்தால் காட்டினோம். "அடிபட்டது என்று கூறுவதற்கு நீங்கள் கண்ட அடையாளம் யாது? எழுத்தில் தருக" என வேண்டினோம். பற்றுச்சீட்டின் படியையும், நிலையத்தார் கூறியதையும், நாளையும் குறித்தோம்.

இத்தகைய வேண்டுகோளுக்கும் செவிசாயாதார் உளராயின், வாங்கியவர் ஏதிலர் அல்லர். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் 1986-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதனினும் விரிவாக 2019-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. 1915 என்னும் தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு முறையிடலாம். அதனால் தீராவிடின் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். தாம் வாழும் ஊருக்குரிய ஆணையத்திலேயே வழக்கிடலாம்; வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து ஈராண்டுக்குள் இடுதல் வேண்டும். பொருளின் விலை ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடின் கட்டணம் இல்லை. வழக்கறிஞரின்றித் தாமே எடுத்துரைக்கவும் உரிமை உண்டு. ஆய்ந்தாலன்றிக் குறை புலப்படாது எனக் கருதினால், ஆணையம் அப்பொருளைத் தகுந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும். இருவர் சொல்லுக்கும் நடுவே பொருளையே சாட்சியாக்கும் இவ்வேற்பாடு பெரிதும் போற்றத்தக்கது.

நாங்கள் ஆணையம்வரை செல்லவில்லை. மடல் கண்ட நிறுவனத்தார் கருவியை மீண்டும் வரவழைத்து ஆராய்ந்தனர். காரணம் இன்னதெனத் துணியக்கூடவில்லை என எழுத்தில் ஒப்பினர்; திரையின் விலையில் பாதியைத் தாம் ஏற்பதாகவும் கூறினர். பெயர்த்தி அதற்கு இசைந்தாள். "ஐயம் இருவருக்கும் பொது, செலவும் பொதுவாகட்டும்" என்றாள். அதுவரை அவள் வேலையும் நிற்கவில்லை. திரை உடைந்தாலும் உள்ளிருக்கும் எழுத்து அழிவதில்லை. கம்பியொன்றால் கணினியை வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து, ஆய்வேட்டை எழுதி முடித்து உரிய நாளில் ஒப்படைத்தாள்.

மாணவர்களே! கருவியை மூடுமுன் விசைப்பலகையை ஒருகால் கையால் தடவிப் பாருங்கள். மூடியின் நடுவே பற்றித் திறவுங்கள். பொருள் வாங்கிய நாளிலேயே உத்தரவாதச் சீட்டை முழுதும் படித்துப் பற்றுச்சீட்டோடு சேர்த்து வையுங்கள். பழுதுபார்க்கக் கொடுக்குமுன் நாற்புறமும் படமெடுத்து, கொடுத்ததற்குச் சீட்டுப் பெறுங்கள். உரிமையைக் கேட்கத் தயங்காதீர்கள். கேட்கும்போது அறிந்ததை அறிந்தோம் என்றும், அறியாததை அறியோம் என்றும் கூறுங்கள். உடைந்த திரைக்கு மாற்றுத் திரை கிடைக்கும். நம் சொல்லில் விரிசல் விழுந்தால் அதற்கு மாற்றுச் சொல் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.