'கீழ்ப்பாக்கம்' என்று கேலி வேண்டாம்... ஒரு கதை கொடுங்கள்! பதின்வயது மனமும் சில புத்தகங்களும்

அப்போது எனக்குப் பதினைந்து வயது. திருவொற்றியூரில் ஒற்றை அறை வீடு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. ராத்திரியானால் நெஞ்சு படபடக்கும், மூச்சு அடைக்கும், உள்ளங்கை வியர்க்கும். வெளியே கன்டெய்னர் லாரிகள் ஊர்ந்துபோகும் சத்தத்தைக் கேட்டபடி விடியும்வரை விழித்துக் கிடப்பேன். காத்து கருப்பு பட்டிருக்கும் என்று அம்மா திருநீறு மந்திரித்து வந்தார். வீட்டுக்கு வந்த சித்தி, "இன்னாடி இது, கீழ்ப்பாக்கம் கூட்டினு போவணும் போலக்கீதே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு அதைப்பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

எனக்கு வந்ததற்கு ஒரு பெயர் உண்டு, அது எனக்கு மட்டும் வருவதல்ல, அதற்கு உதவி கிடைக்கும் என்பதெல்லாம் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. சொன்னது டாக்டர் இல்லை. ஒரு கதைப்புத்தகம்.

வசவாகிப்போன ஊர்ப்பெயர்

சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' என்பது பல பேருக்கு ஊர்ப்பெயர் அல்ல, வசவு. காரணம், அங்கிருக்கும் அரசு மனநலக் காப்பகம். 1794-ல் தொடங்கிய வரலாறு அதற்கு. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் சாரதா மேனன் தலைமை வகித்த இடம். வெளிநோயாளியாக வந்து, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்புபவர்கள் அங்கே ஏராளம். ஆனால், நம் சினிமா காமெடியும் தெருப்பேச்சும் அந்தப் பெயரைப் பயமுறுத்தும் பெயராக்கிவிட்டன. அந்தக் கேலியைக் கேட்டு வளரும் பிள்ளை, தனக்கே ஒரு கஷ்டம் வரும்போது எப்படி வாய் திறக்கும்?

பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவிகிதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருக்கிறது. 40 பேர் படிக்கும் வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர். காசிமேட்டில், எண்ணூரில் உள்ள வகுப்பறைகளிலும் இவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

இங்கே கூடுதல் சுமையும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் எண்ணூர் முகத்துவாரத்தை மூடியது. அதே மாதக் கடைசியில், பெரியகுப்பம் பகுதியில் நள்ளிரவில் அமோனியா வாயு கசிந்து, குடும்பம் குடும்பமாக மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். வலைகளுக்கும் படகுகளுக்கும் நிவாரணம் பேசப்பட்டது. இருட்டில் ஓடிய பிள்ளைகளின் மனதில் தங்கிய பயத்தைப் பற்றி எத்தனை வீடுகளில் பேசியிருப்பார்கள்?

புத்தகம் என்ன செய்யும்?

நான் படித்தது ஜான் கிரீன் எழுதிய 'டர்டில்ஸ் ஆல் த வே டவுன்' (2017). கதாநாயகி ஏஸாவுக்கு 16 வயது. கிருமி தொற்றிவிடுமோ என்ற எண்ணம் அவளை விடாமல் சுழற்றியடிக்கும். ஓ.சி.டி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் அது. எழுதியவருக்கே அந்த நோய் உண்டு. எனக்கு இருந்தது வேறு. ஆனாலும், நிறுத்த நினைத்தாலும் நிற்காத மனதைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல, 'அட, நம்மளைப் போலவே ஒருத்தி' என்று தோன்றியது. அதற்குப் பிறகுதான் கல்லூரியில் ஆலோசகரின் கதவைத் தட்டினேன்.

புத்தகம் மருந்தாகாது, டாக்டருக்கு மாற்றும் ஆகாது. ஆனால், அது பெயர் தெரியாத பயத்துக்குப் பெயர் கொடுக்கும். பெயர் தெரிந்தால்தானே இன்னொருவரிடம் சொல்ல முடியும்? ஒற்றை அறை வீட்டில் தனியாக அழக்கூட இடமில்லாத பிள்ளைக்குப் புத்தகம்தான் தனி அறை.

இன்னும் சில நல்ல புத்தகங்கள்:

'சேலஞ்சர் டீப்' (2015): நீல் ஷஸ்டர்மன் எழுதியது. கேடன் என்ற பையனின் மனம் பிறழும்போது, கடலின் மிக ஆழமான பள்ளத்தை நோக்கிப் போகும் கப்பலில் தான் இருப்பதாக நம்புகிறான். ஆசிரியர் தன் மகனின் அனுபவத்திலிருந்து எழுதியது இது. மகன் வரைந்த ஓவியங்களும் உள்ளே இருக்கின்றன. கப்பலைப் பார்த்து வளரும் நம் துறைமுகப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை சட்டென்று ஒட்டும்.

'டேரியஸ் த கிரேட் இஸ் நாட் ஓகே' (2018): அடீப் கொர்ரம் எழுதியது. அப்பா, மகன் இருவருக்குமே மனச்சோர்வு. இருவருமே மாத்திரை எடுத்துக்கொள்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்து வந்து பேசாமல் படுத்துவிடும் அப்பாக்களும் படிக்க வேண்டிய கதை.

'ஐ ஹேவ் நெவர் பீன் அன்ஹேப்பியர்' (2018): மும்பையைச் சேர்ந்த ஷாஹீன் பட், பதின்வயதிலிருந்து தன்னைத் துரத்திய மனச்சோர்வைப் பற்றி எழுதிய நூல். வசதியான சினிமாக் குடும்பத்துப் பெண்ணுக்கும் இது வரும் என்பதே பல பிள்ளைகளுக்கு ஆறுதல்.

தமிழில்?

இந்த நான்கும் ஆங்கிலம். தமிழில் மனதைப் பற்றி எழுதாமல் இல்லை. காதுக்குள் ஓயாமல் குரல்கள் கேட்கும் மனிதரைப் பற்றிய எம்.வி.வெங்கட்ராமின் 'காதுகள்' நாவலுக்கு 1993-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. மனநோயாளிகளின் பேச்சைக் கேலியில்லாமல் பதிவுசெய்தது கோபிகிருஷ்ணனின் 'உள்ளேயிருந்து சில குரல்கள்'. ஆனால், இரண்டும் பெரியவர்களுக்கானவை. ஒன்பதாம் வகுப்புப் பெண்ணோ பையனோ 'இது என் கதை' என்று எடுத்துப் படிக்கும்படியான தமிழ் நூல்கள் மிகக் குறைவு.

இளையோர் நாவல் என்ற வகையே நம்மிடம் இப்போதுதான் வளர்கிறது. கீழடியைப் பற்றி உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' 2023-ல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் நடக்கிறது. 6 முதல் 9-ம் வகுப்பு வரை 'தேன்சிட்டு' இதழ் போகிறது. ஆக, புத்தகம் போய்ச்சேர வழி இருக்கிறது. மனதைப் பற்றிய கதைகளும் அந்த வழியில் போக வேண்டும். இங்கிலாந்தில் 2016-லேயே, 13 முதல் 18 வயதினருக்கான மனநலப் புத்தகங்களைப் பட்டியலிட்டு, பொது நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கச் செய்தார்கள். தண்டையார்பேட்டை நூலகத்திலும் அப்படி ஓர் அலமாரி இருந்தால் எப்படி இருக்கும்!

பெற்றோர் கவனத்துக்கு...

* எல்லாப் புத்தகமும் நல்லதல்ல. தற்கொலையை விலாவாரியாக விவரிக்கும், அதைப் பழிவாங்கும் வழியாகக் காட்டும் கதைகளைத் தவிருங்கள். '13 ரீசன்ஸ் வொய்' தொடரில் அப்படிப்பட்ட காட்சி கடும் எதிர்ப்பைச் சந்தித்து, 2019-ல் நீக்கப்பட்டது.

* கஷ்டத்திலிருந்து மீண்டவர்களின் கதைகளைத் தேடுங்கள். தற்கொலை எண்ணத்தைக் கடந்து வந்தவர்களைப் பற்றிய செய்திகள் வெளியானபோது தற்கொலைகள் குறைந்ததை ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 2010-ல் கண்டறிந்தார்கள்.

* முதலில் நீங்கள் படியுங்கள். முடியாவிட்டால் சேர்ந்து படியுங்கள்.

* 'உனக்காகத்தான் வாங்கினேன், படி' என்று திணிக்காதீர்கள். கண்ணில் படும் இடத்தில் வைத்தாலே போதும். 'என்ன புரிஞ்சுது' என்று தேர்வும் வைக்காதீர்கள்.

* தூக்கம், சாப்பாடு, படிப்பு இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்திருந்தால், புத்தகத்தோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் போங்கள். 'செத்துடலாம்போல இருக்கு' என்று பிள்ளை சொன்னால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது.

அப்புறம் இன்னா ஆச்சு?

அன்று என்னைக் கேலி செய்த சித்தியின் மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. எண்ணூரில் இருக்கிறாள். சில மாதங்களாகச் சரியாகத் தூங்குவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆங்கில நாவல் படிக்க அவளுக்குக் கஷ்டம். அதனால், ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலோரம் கொட்டியிருக்கும் பாறைகள்மேல் உட்கார்ந்து, ஏஸாவின் கதையை நானே சொன்னேன். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும் கேட்டாள்.

"அப்புறம் அந்தப் பொண்ணுக்கு இன்னாக்கா ஆச்சு?"

"பெரியவளாயிட்டா. அது அப்பப்ப திரும்ப வரும். அவளும் அப்பப்ப டாக்டரைப் பார்ப்பா. நல்லாத்தான் இருக்கா."

கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அவளுக்கு ராத்திரிகளில் என்ன ஆகிறது என்று சொல்ல ஆரம்பித்தாள்.

இரண்டு நாள் கழித்து சித்தி போன் செய்தார். "எங்கையிலயும் சொல்லிச்சுடி. ஸ்டான்லில எத்தினி மணிக்கு சீட்டு போடுவாங்கோ?" என்றார்.

கீழ்ப்பாக்கம் என்ற பேச்சே வரவில்லை.

*(மனம் தளரும்போது தயங்காமல் அழையுங்கள்: டெலி மானஸ் 14416, தமிழக அரசு மருத்துவ உதவி எண் 104, சினேகா தற்கொலைத் தடுப்பு மையம் 044-24640050, குழந்தைகள் உதவி எண் 1098.)*