காத்திருக்கும் கோரிக்கைகள்: சேமிப்பகச் சாதன இயக்கியின் பணி

இன்றைய மையச் செயலகம் ஒரு நொடிக்குள் நூறு கோடிக்கும் மேற்பட்ட கடிகாரத் துடிப்புகளில் இயங்குகிறது. நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் வன்தட்டோ, ஒரு சுற்றுக்கு மட்டும் ஏறத்தாழ 8.3 மில்லி நொடிகள் எடுத்துக்கொள்கிறது. இவ்வேக வேறுபாட்டால் கோரிக்கைகள் தேங்குவது இயல்பு. அவற்றை முறையாகக் கையாள்வது சாதன இயக்கியின் பொறுப்பாகும்.

கோரிக்கை வரிசை

பயன்பாட்டு நிரல்கள் எழுப்பும் படித்தல், எழுதுதல் கோரிக்கைகளை இயக்க அமைப்பு வரிசைப்படுத்தி இயக்கியிடம் ஒப்படைக்கிறது. ஒரு சாதனம் ஒரே நேரத்தில் ஏற்கும் கட்டளைகளுக்கு வரம்பு உண்டு. எடுத்துக்காட்டாக, சாட்டா வன்தட்டின் கட்டளை வரிசையில் அதிக அளவாக 32 இடங்களே உள்ளன.

பணிமிகுதி பிழையன்று

ஸ்கஸி நெறிமுறையில் சாதனம் ‘பணியில் உள்ளது’, ‘வரிசை நிரம்பியது’ என்னும் நிலைக்குறிப்புகளை அனுப்புவதுண்டு. கட்டளையைப் பின்னர் அனுப்புக என்பதே இவற்றின் பொருள். இவற்றைப் பிழையெனக் கொண்டு கோரிக்கையைக் கைவிட்டால், பயனர் சேமித்துவிட்டதாக எண்ணிய தரவு வட்டைச் சென்றடையாது. மாறாக, இடைவிடாது மீண்டும் அனுப்பிக்கொண்டிருந்தால் செயலகத்தின் நேரம் வீணாகும்.

எனவே லினக்ஸ் இயக்க அமைப்பு பின்வருமாறு செயல்படுகிறது:

1. ஏற்கப்படாத கோரிக்கையை மீண்டும் வரிசையில் சேர்க்கிறது.

2. புதிய கட்டளைகள் அனுப்புவதைச் சற்றே நிறுத்துகிறது.

3. முன்னர் அனுப்பிய கட்டளை ஒன்று முடிந்து குறுக்கீட்டுச் சைகை வந்ததும் வரிசையை மீண்டும் இயக்குகிறது.

மூன்றாம் படியில் ஓர் இடர் உள்ளது. சாதனத்திடம் நிலுவைக் கட்டளை ஏதும் இல்லையெனில், முடிவுச் சைகையும் வாராது. வரிசை என்றென்றும் உறைந்துவிடும். ஆகவே, அந்நிலையில் சிறு கால இடைவெளிக்குப்பின் நேரங்காட்டியின் துணைகொண்டு வரிசை எழுப்பப்படுகிறது.

கால வரம்பு

ஏற்கப்பட்ட கட்டளையும் முடிவின்றி நீளலாகாது. லினக்ஸில் ஸ்கஸி வட்டுக்கான இயல்பான வரம்பு 30 நொடிகள். அதற்குள் விடை வாராதெனில், கட்டளையைக் கைவிடச் செய்தல், சாதனத்தை மீட்டமைத்தல் ஆகிய மீட்பு நடவடிக்கைகள் தொடங்கும். அதன்பின் கட்டளை மீண்டும் அனுப்பப்படலாம்; அதுவும் பயனளிக்காதபோதே பிழை அறிவிக்கப்படும்.

சிந்தித்து விடையளிக்க

நிலுவைக் கட்டளை ஏதுமற்ற சாதனம் ‘பணியில் உள்ளது’ எனத் தெரிவிக்கும்போது, நேரங்காட்டி இன்றியமையாததாவது ஏன்?