உங்களுக்குத் தெரியுமா? தலைவன் இல்லாத வேட்டை

ஓநாய்க் கூட்டம் ஒரு மானைச் சுற்றி வளைப்பதைப் பார்த்தால், யாரோ திட்டம் போட்டுக் கொடுத்தது போலவே இருக்கும். 2011-இல் ஸ்பெயின், அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் கணினிக்குள் ஓநாய்களை உலவவிட்டு, இரண்டே விதிகளைக் கொடுத்தார்கள். ஆபத்தில்லாத தூரம் வரை இரையை நெருங்கு. நெருங்கியபின், உன்னைப் போலவே நெருங்கி நிற்கும் மற்ற ஓநாய்களிடமிருந்து விலகு. துரத்தலும் வந்தது, வளைப்பும் வந்தது. இரை நகர வழியின்றி நின்றுபோனது. கூட்டத்தில் தலைவனும் இல்லை, ஒன்றுக்கொன்று சைகையும் இல்லை. காட்டு ஓநாய் இப்படித்தான் யோசிக்கிறது என்று இது நிரூபித்துவிடாது. தலைவன் இல்லாமலும் முற்றுகை நடக்கும் என்று மட்டும் காட்டுகிறது.

*

‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ (1992) படத்தின் வௌவால் கூட்டத்தை இயக்கியது, 1986-இல் கிரெய்க் ரெனால்ட்ஸ் உருவாக்கிய ‘பாய்ட்ஸ்’ நிரலின் வாரிசு. பாய்ட்ஸின் கணினிப் பறவைகளுக்குத் தெரிந்தது மூன்றுதான்: இடிக்காதே, அக்கம்பக்கத்தார் போகும் திசையில் போ, கூட்டத்தோடு ஒட்டிக்கொள்.

*

1971-இல் பிரிட்டிஷ் உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டன் தாளிலேயே ஒரு வட்டக் குளம் வெட்டினார். உள்ளே தண்ணீர்ப் பாம்பு, கரையோரம் தவளைகள். பாம்பு தலைதூக்கினால் அருகில் இருப்பது காலி. எனவே ஒவ்வொரு தவளையும் வேறு இரண்டுக்கு நடுவே புகப் பார்க்கும். கடைசியில் எல்லாம் ஓரிடத்தில் குவிந்துவிடும். ‘சுயநல மந்தை’ என்று இதற்குப் பெயர். தெருநாய் குரைத்ததும் நண்பரை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு நடந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

*

இரை பொய், வேட்டை நிஜம்! 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், கணினி நகர்த்திய புள்ளிகளை ப்ளூகில் மீன்கள் இரையென்று நம்பித் தாக்கின. அண்டையோடு சேர்ந்து ஒரே திசையில் நகர்ந்த புள்ளிகள் பெரும்பாலும் தப்பின. ஆய்வாளர்களில் ஒருவரான விஸ்வேஷ குட்டல், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்.

*

கனடாவின் ஏ. கே. டியூட்னி, 1984 டிசம்பர் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் ‘வா-டோர்’ என்ற கடல் கிரகத்தை அறிமுகப்படுத்தினார். வடிவம், நம் மெதுவடை. மீன்கள் பெருகும், சுறாக்கள் தின்னும், தின்னக் கிடைக்காத சுறா சாகும். இரண்டின் எண்ணிக்கையும் மாறிமாறி ஏறி இறங்கும். சுறாக்கள் ஆசைப்பட்டு மொத்த மீனையும் தீர்த்துவிட்டால், சற்று நேரத்தில் திரையில் மிஞ்சுவது வெறும் தண்ணீர்.