கருவில் தொடங்கும் காப்பு

காவிரிப் படுகையில் குறுவைக்கும் சம்பாவுக்கும் நாற்று நடுபவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். உழைக்கும் உடலுக்குச் சர்க்கரை நோய் வராது என்பது பலரது எண்ணம். ஆனால், அதுவரை நோயின் சுவடே இல்லாத பெண்ணுக்கும் கருவுற்ற காலத்தில் நீரிழிவு தோன்றக்கூடும். பெரும்பாலும் அது அறிகுறி எதையும் காட்டுவதில்லை.

இதன் காரணம் நஞ்சுக்கொடியில் உள்ளது. அது சுரக்கும் ஹார்மோன்கள், வளரும் சேய்க்குக் குளுக்கோஸ் தடையின்றிக் கிடைக்கும் பொருட்டுத் தாயின் உடலில் இன்சுலினின் செயலைத் தணிக்கின்றன. அதனை ஈடுசெய்யக் கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரக்க வேண்டும். இயலாதபோது குருதியில் சர்க்கரை மிகுகிறது. தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து சேயை அடையும். தாயின் இன்சுலினோ கடப்பதில்லை. எனவே சேயின் கணையமே மிகுதியாக இன்சுலினைச் சுரக்கிறது. அதனால் சேய் அளவுக்கு மீறிப் பருக்கிறது, பேறு கடினமாகிறது, பிறந்தவுடன் குழந்தையின் சர்க்கரை அளவு திடீரெனத் தாழவும் கூடும்.

இந்நிலையை முன்கூட்டியே அறிய இயலுமா? கொழுப்புத் திசு சுரக்கும் அடிப்போனெக்டின் என்னும் ஹார்மோன், பின்னர் நீரிழிவு தோன்றும் பெண்களிடம் கருவுற்ற முதல் மாதங்களிலேயே குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும் அதனை அளப்பது இன்னும் அன்றாட மருத்துவமாகவில்லை. இன்று கைகொடுப்பது எளிய குளுக்கோஸ் சோதனையே.

சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா இச்சோதனையை எளிமையாக்கினார். வெறும் வயிற்றோடு வரச்சொன்னால், தொலைவான சிற்றூரிலிருந்து வரும் கர்ப்பிணி மறுமுறை வராமலே போகலாம். ஆகவே, உண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துப் பருகச்செய்து, 2 மணி நேரம் கழித்துக் குருதியைச் சோதிக்கும் முறையை அவர் வலியுறுத்தினார். அளவு 140 மில்லிகிராமை எட்டினாலோ மிஞ்சினாலோ நீரிழிவு உறுதியாகிறது. தமிழக அரசு 2007ஆம் ஆண்டு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இச்சோதனையைக் கட்டாயமாக்கியது. முதல் வருகையின்போதும், 24 முதல் 28 வாரங்களுக்குள் மீண்டும் ஒருமுறையும் சோதிக்க வேண்டும் என்பது தேசிய வழிகாட்டுதல். சேஷய்யாவின் பிறந்தநாளான மார்ச் 10, இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

நீரிழிவு உறுதியானால் அஞ்ச வேண்டியதில்லை. நெல் விளையும் நாட்டில் சோற்றை அறவே விலக்கவும் வேண்டா. அதன் அளவைக் குறைத்து, பயறு, கீரை, காய்கறிகளை மிகுத்து, உணவைப் பகுத்து உண்பதும் நாள்தோறும் நடப்பதும் பலருக்குப் போதுமானவை. போதாதவர்க்கு மருத்துவர் மருந்தோ இன்சுலினோ அளிப்பார். பேற்றுக்குப்பின் 6 வாரங்களில் மறுசோதனை தேவை. ஏனெனில், இத்தாய்மார்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுதி. உரிய காலத்தில் செய்யப்படும் ஒரு சோதனை, தாய், சேய் என இரு தலைமுறைகளைக் காக்கிறது.