ரெஜிஸ்ட்ரி கிளீனர்: துடைக்க வேண்டியது எது?

விண்டோஸ் இயங்குதளம் கொண்ட கணினி மெதுவாகிவிட்டால் அதைப் பழைய வேகத்துக்குக் கொண்டுவருவதாகச் சொல்லி விற்கப்படும் மென்பொருள்களுள் ரெஜிஸ்ட்ரி கிளீனர் என்னும் வகை நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது. அது கணினியைத் துருவிப் பார்த்து, சில நூறு பிழைகள் இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் அறிவித்து, அவற்றை ஒரே சொடுக்கில் நீக்கித் தருவதாக உறுதி கூறுகிறது. நெய்வேலி நகரியத்தின் பல வீடுகளில் உள்ளதைப் போல, ஓய்வுபெற்ற தந்தையின் ஓய்வூதிய வேலையும் பிள்ளைகளின் தேர்வு விண்ணப்பங்களும் ஒரே பழைய கணினியை நம்பியிருக்கும் இடங்களில், இந்த உறுதிமொழி உண்மையா, அந்தச் சொடுக்கு பாதுகாப்பானதா என்ற இரு கேள்விகளும் முக்கியமானவை.

ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் அதில் நிறுவப்பட்ட மென்பொருள்களும் தம் அமைப்பு விவரங்களைச் சேமித்துவைக்கும் பொதுத் தரவுத்தளம். தொடக்க கால விண்டோஸில் இந்த விவரங்கள் ஐஎன்ஐ கோப்புகள் எனப்பட்ட சிறு உரைக் கோப்புகளில் சிதறிக் கிடந்தன. மென்பொருள்கள் பெருகப் பெருக அந்தக் கோப்புகளும் பெருகி, எது எங்கே இருக்கிறது என்று அறிவதே கடினமாயிற்று. 1992இல் வந்த விண்டோஸ் 3.1 பதிப்பில் கோப்பு வகைகளையும் அவற்றைத் திறக்கும் மென்பொருள்களையும் குறித்துவைக்க மட்டும் ஒரு சிறிய ரெஜிஸ்ட்ரி அமைந்தது. அடுத்து வந்த விண்டோஸ் என்டி, விண்டோஸ் 95 ஆகியவற்றில் அது கணினி முழுமைக்கும் உரிய தரவுத்தளமாக விரிவடைந்தது.

கோப்புறைக்குள் கோப்புறை இருப்பதுபோல ரெஜிஸ்ட்ரிக்குள் கீ எனப்படும் கிளைகள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. ஒவ்வொரு கீயிலும் பெயரும் மதிப்பும் கொண்ட பதிவுகள் இருக்கின்றன. இவை ஹைவ் எனப்படும் சில பெரிய கோப்புகளாக வட்டில் சேமிக்கப்படுகின்றன. கணினிக்குப் பொதுவானவை விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் சிஸ்டம்32 என்ற உட்கோப்புறையிலும், பயனருக்கு உரியவை அவரவர் கணக்கிலும் இருக்கின்றன. ஒரு மென்பொருள் தனக்கு வேண்டிய விவரத்தைக் கேட்கும்போது, அந்த விவரம் இருக்கும் கிளையின் முழு முகவரியைச் சொல்லியே கேட்கிறது. விண்டோஸ் கிளை கிளையாக இறங்கி நேரே அந்த இடத்துக்குப் போகிறது. வழியில் எதிர்ப்படாத கிளைகளை அது தொடுவதேயில்லை. நெய்வேலிச் சுரங்கத்தில் ஒரு டன் பழுப்பு நிலக்கரியை எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் அதிகமான மேல்மண்ணை வாளிச்சக்கர இயந்திரங்கள் அகற்றியாக வேண்டியிருப்பது, அந்த மண் நிலக்கரியின் மேலேயே கிடப்பதால்தான். ரெஜிஸ்ட்ரியில் எஞ்சிப்போன பதிவு எதுவும் வேறொரு பதிவின் மேல் கிடப்பதில்லை. ஆகவே அதை அகற்றுவதால் மற்றொன்றை அடையும் வழி சுருங்கிவிடாது.

அளவைக் கணக்கிட்டாலும் இதுவே தெரியவரும். சில ஆண்டுகள் புழங்கிய கணினியின் ரெஜிஸ்ட்ரி 100 மெகாபைட்டையோ அதற்கு மேலோ எட்டியிருப்பது இயல்பு. கிளீனர் கண்டுபிடிக்கும் 500 பதிவுகள் ஒவ்வொன்றும் 200 பைட் என்று வைத்துக்கொண்டால், நீங்குவது மொத்தம் 100 கிலோபைட், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த இடமும் வட்டுக்கு உடனே திரும்பிவிடாது. பெரும்பாலும் ஹைவ் கோப்புக்குள்ளேயே வெற்றிடமாக நின்று, பின்னர் வரும் வேறு பதிவுகளுக்குப் பயன்படும். விண்டோஸ் முழு ரெஜிஸ்ட்ரியையும் எந்நேரமும் நினைவகத்தில் ஏந்திக்கொண்டிருப்பதில்லை என்பதையும், தேவைப்படும் பக்கங்களை மட்டுமே எடுத்துவருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தத் துப்புரவால் மனிதர் உணரக்கூடிய வேகம் கூடுவதற்கு வழியே இல்லை.

ஆயினும் இந்த நம்பிக்கை வெறுங்கற்பனையில் பிறந்ததன்று. விண்டோஸ் 95, 98 காலத்தில் 16 அல்லது 32 மெகாபைட் ரேம் கொண்ட கணினிகளே பரவலாக இருந்தன. ரெஜிஸ்ட்ரி அடிக்கடி பழுதடைந்ததால், விண்டோஸ் 98 அதை நாள்தோறும் சோதித்துப் படியெடுத்து வைக்கும் கருவியைத் தன்னுடனேயே கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமே 1990களில் ரெக்கிளீன் என்ற துப்புரவுக் கருவியை வெளியிட்டுப் பின்னர் கைவிட்டது. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது இயங்குதளத்தின் அடித்தளமே மாறி, ரெஜிஸ்ட்ரியை நினைவகத்தில் கையாளும் முறையும் சீரானது. நோய் பெரும்பாலும் தீர்ந்துபோன பின்பும் மருந்து மட்டும் விற்பனையில் தொடர்ந்தது.

பயன் இல்லை என்பதோடு விஷயம் முடிந்துவிட்டால் அவ்வளவாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பதிவு வேண்டாதது என்று கிளீனர் எப்படி முடிவுசெய்கிறது என்பதைப் பார்த்தால் இடர் புலப்படும். பெரும்பாலான கிளீனர்கள், ஒரு பதிவு சுட்டிக்காட்டும் கோப்பு வட்டில் இருக்கிறதா என்று தேடி, இல்லையென்றால் அந்தப் பதிவை அநாதை என்று தீர்மானிக்கின்றன. அந்தக் கோப்பு அப்போது செருகப்படாத பென்டிரைவிலோ அலுவலக நெட்வொர்க்கிலோ இருக்கலாம். ஒரு மென்பொருளின் உறுப்பு முதன்முறை தேவைப்படும்போது மட்டும் நிறுவப்படுமாறு விடப்பட்டிருக்கலாம். காலியாக இருக்கும் கீ வேண்டுமென்றே காலியாக விடப்பட்டதாக இருக்கலாம். அது இருக்கிறதா இல்லையா என்பதையே சில மென்பொருள்கள் குறியாகக் கொள்கின்றன. இன்னொரு சிக்கலும் உண்டு. 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருள் ஒன்று சிஸ்டம்32 கோப்புறையைப் பார்க்கக் கேட்டால், விண்டோஸ் அதை ஓசையின்றி வேறொரு கோப்புறைக்குத் திருப்பிவிடும். இதை அறியாமல் எழுதப்பட்ட கிளீனர், உண்மையில் இருக்கும் கோப்பை இல்லை என்று எண்ணி, உயிருள்ள பதிவை நீக்கிவிடக்கூடும். ஒரு பதிவு எதற்காக இருக்கிறது என்பது அதை எழுதிய மென்பொருளுக்கே தெரியும். கிளீனர் வெளியிலிருந்து ஊகிக்கிறது, அவ்வளவே.

இந்த ஊகம் தவறினால் என்ன ஆகும் என்பதை அன்றாட வேலைகளிலிருந்தே காட்டலாம். ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் ஜீவன் பிரமாண் முறையில் வாழ்நாள் சான்று அளிக்கக் கைரேகைக் கருவியைக் கணினியில் இணைக்கிறார்கள். அந்தக் கருவியை இயக்கும் சர்வீஸ் எனப்படும் பின்னணி நிரல் எந்தக் கோப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பது ரெஜிஸ்ட்ரியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஒரு கீ போய்விட்டால் கருவி நன்றாக இருந்தும் விரல் பதியாது. தமிழில் தட்டச்சு செய்வோருக்கும் இதில் பங்கு உண்டு: விசைப்பலகை அமைப்புகள் ரெஜிஸ்ட்ரியில் மொழி எண்ணோடு குறிக்கப்படுகின்றன, இந்தியத் தமிழுக்கு உரிய எண் 0449.

அனல்மின் நிலையங்களும் சுரங்கங்களும் சூழ்ந்த ஊரில் சொல்லியாக வேண்டிய மற்றொன்று, ஆலைக் கட்டுப்பாட்டு அறைகளைப் பற்றியது. உலகெங்கும் இத்தகைய அறைகளில் இயக்குநர் அமரும் கணினிகளில் பல விண்டோஸிலேயே ஓடுகின்றன. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தமக்குள் தரவைப் பரிமாறிக்கொள்ள 1996இல் வகுக்கப்பட்ட ஓபிசி என்னும் நெறிமுறையின் பழைய வடிவம், எந்த நிரலை எந்த அடையாள எண்ணால் அழைப்பது என்பதை ரெஜிஸ்ட்ரியைப் பார்த்தே அறிகிறது. கொதிகலனின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் திரைக்குக் கொண்டுவரும் இணைப்பு இவ்வாறு ஒரு பதிவை நம்பியிருக்கும் இடத்தில், வீட்டுக் கணினிக்கென்று தயாரித்த கிளீனருக்கு எந்த வேலையும் கிடையாது.

நீக்கியதை மீட்டுக்கொள்ளலாம் என்று கிளீனர்கள் கூறுவதும் பாதி உண்மைதான். அவை தாம் நீக்கிய பதிவுகளைத் தனிக் கோப்பாகச் சேமித்துத் தருவது வழக்கம். ஆனால் விண்டோஸே தொடங்காத நிலை வந்தால், அந்தக் கோப்பை எளிதில் பயன்படுத்த முடியாது. முன்பு விண்டோஸ் தானாகவே ரெஜிஸ்ட்ரியைப் படியெடுத்து ரெக்பேக் என்ற கோப்புறையில் வைத்துவந்தது. விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. கணினியை முந்தைய நாளின் நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர் வசதியும் பல கணினிகளில் முடக்கப்பட்டே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம், ரெஜிஸ்ட்ரி கிளீனர்களின் பயன்பாட்டைத் தான் ஆதரிப்பதில்லை என்றும், அவற்றால் விளையும் பழுதை இயங்குதளத்தை மீண்டும் நிறுவாமல் தீர்க்க முடியும் என்று உறுதி கூற இயலாது என்றும் தன் ஆதரவுக் கொள்கையில் எழுத்துப்பூர்வமாகவே அறிவித்துள்ளது. பழுதான நிறுவல்களைத் துடைக்க அந்த நிறுவனம் முன்பு வழங்கிய விண்டோஸ் இன்ஸ்டாலர் கிளீன் அப் என்ற கருவியை, அது மற்ற மென்பொருள்களின் உறுப்புகளைச் சேதப்படுத்துவதாகக் கண்டு 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. இயங்குதளத்தை எழுதியவர்களுக்கே கைவராத வேலையைப் பெயர் தெரியாத ஒரு மென்பொருள் செய்துவிடும் என்று நம்ப இடமில்லை.

கிளீனர் என்ற பெயரில் வந்து சேர்வது எது என்பது தனிக் கவலை. இந்த வகையில் மிகப் புகழ்பெற்ற சிகிளீனர் ஏமாற்று மென்பொருள் அன்று. லண்டனைச் சேர்ந்த பிரிஃபார்ம் நிறுவனம் உருவாக்கிப் பல ஆண்டுகள் நற்பெயரோடு வழங்கிவந்தது. ஆயினும் 2017இல் ஊடுருவியோர் அதன் 5.33 பதிப்பில் தீங்கு நிரலை நுழைத்துவிட்டனர். அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே பதிவிறக்கிய ஏறத்தாழ 22.7 லட்சம் கணினிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. நம்பத்தக்க நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், அச்சுறுத்தியே விற்கும் நிறுவனங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சைப்ரஸைச் சேர்ந்த ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரு நிறுவனங்கள் இல்லாத பழுதுகளைக் காட்டிப் பழுதுநீக்கு மென்பொருளை விற்றன என்ற குற்றச்சாட்டில், 2024 மார்ச்சில் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையத்துக்கு 2.6 கோடி டாலர் செலுத்த உடன்பட்டன. இந்தியாவிலிருந்து இயங்கிய போலித் தொழில்நுட்ப உதவி கால் சென்டர்கள் மீது சிபிஐ 2023 அக்டோபரில் ஆபரேஷன் சக்ரா-2 என்ற பெயரில் நடவடிக்கை எடுத்தது. அதற்குத் தகவல் தந்தவற்றுள் மைக்ரோசாஃப்டும் ஒன்று. அச்சமூட்டும் செய்தி காட்டிப் பணம் பறிக்கும் துப்புரவு மென்பொருள்களை 2018 மார்ச் 1 முதல் விண்டோஸின் பாதுகாப்பு நிரலே வேண்டாதவை எனக் கண்டு நீக்கத் தொடங்கியது.

கணினி உண்மையிலேயே மெதுவாக இருப்பதற்கு வேறு காரணங்கள் உண்டு. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க காலக் கணினிகள் 2 ஜிபி ரேமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் கொண்டவை. அத்தகைய கணினியில் இன்றைய பிரௌசரில் சில பக்கங்களைத் திறந்தாலே நினைவகம் நிறைந்து, விண்டோஸ் வட்டையே தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கும். சுழலும் வட்டில் அது மிக மெதுவாக நடப்பதால் கணினி உறைந்ததுபோலத் தோன்றுகிறது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்துவதும், இடம் இருந்தால் ரேமைக் கூட்டுவதும், டாஸ்க் மேனேஜரில் தொடக்கத்திலேயே ஓடும் நிரல்களை நிறுத்துவதும் கண்கூடான மாற்றத்தைத் தரும். வெயிலும் தூசியும் மிகுந்த ஊரில் மடிக்கணினியின் விசிறி அடைத்துக்கொண்டால் பிராசசர் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதைத் திறந்து தூசி தட்டுவதே உண்மையான துப்புரவு. அதே திட்டத்தின் தொடக்கக் கணினிகளில் விண்டோஸுடன் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. லினக்ஸில் கணினிக்குப் பொதுவான அமைப்பு விவரங்கள் பெரும்பாலும் தனித்தனி உரைக் கோப்புகளாக இருப்பதால், அங்கே ரெஜிஸ்ட்ரி கிளீனர் என்ற வணிகமே தலையெடுக்கவில்லை.

ரெஜிஸ்ட்ரியில் கைவைக்க வேண்டிய நேரமே வராது என்று சொல்லிவிட முடியாது. பாதியில் நின்றுபோன நிறுவலின் எச்சம் அதே மென்பொருளை மறுபடி நிறுவவிடாமல் தடுப்பது உண்டு. அப்போது அந்த மென்பொருளைத் தயாரித்த நிறுவனமே தரும் நீக்கல் கருவியை முதலில் பயன்படுத்த வேண்டும். அது இல்லையெனில், ரீஸ்டோர் பாயிண்ட் ஒன்றை உருவாக்கிக்கொண்டு, ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் குறிப்பிட்ட அந்த ஒரு கீயை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து வைத்த பிறகே நீக்க வேண்டும். எக்ஸ்போர்ட் செய்த கோப்பை இருமுறை சொடுக்கினால் நீக்கிய பதிவுகள் திரும்ப எழுதப்படும்; ஆனால் இடையில் புதிதாகச் சேர்ந்த பதிவுகளை அது அகற்றாது என்பதால், நீக்கியவுடன் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து, மற்ற வேலை எதையும் தொடங்குமுன் எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்வது தேவை.