கடை வேலையும் கலங்கும் மனமும்

பயம் எங்கிருந்து வருகிறது?

யட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத் தோட்டங்களிலிருந்து கொழும்புச் சாப்பாட்டுக் கடைகளுக்கு இளைஞர்கள் வேலைக்குப் போவது நெடுநாள் வழக்கம். கொத்துரொட்டிக் கல்லின் அனலில் மணிக்கணக்காக நிற்பது உடம்பை வாட்டும். அதைவிட மனத்தை அரிப்பது நாளைக்கு வேலை இருக்குமா என்ற கேள்விதான். சாப்பாடும் படுக்கையும் கடையிலேயே என்பதால், முதலாளி "இனி வர வேண்டாம்" என்றால் அன்றிரவு படுக்கவும் இடமில்லை. திரும்பிப் போக இருக்கும் லயத்துக் காம்பராவோ தோட்ட வேலையோடு கட்டுண்டது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், 2020 ஊரடங்கு, 2022 எரிவாயுத் தட்டுப்பாடு என்று அடுத்தடுத்து அடிபட்ட தொழில் இது. ஆகவே இந்தப் பயத்தை வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது.

உடம்பு சொல்லும் சேதி

பயந்தவரால் மேலதிக நேர வேலையை மறுக்க முடியாது. தூக்கம் குறையும், நெஞ்செரிச்சல், தீராத தலையிடி, எரிச்சல், குடி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். வாரத்துக்கு 55 மணித்தியாலம் அல்லது அதற்கு மேல் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணித்தியாலம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழில் அமைப்பும் 2021இல் கணித்தன. "எந்த வேலையில்தான் கஷ்டமில்லை?" என்று கேட்கலாம். கஷ்டத்தைத் தாங்கலாம், வேலைப் பளு ஏறி, தன் நேரத்தின் மீதே தனக்குப் பிடியில்லாமல் போனால்தான் அது நோயாகிறது. மேலாளரும் கூட வேலை செய்பவர்களும் கைகொடுத்தால் அதே பளுவின் பாதிப்பு குறையும்.

சின்னக் கடையால் முடியுமா?

இப்படிக் கைகொடுக்கச் செலவு கட்டாது என்பது முதலாளிகளின் நியாயம். ஆனால் 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் பொருந்தும்: சம்பளத்தில் முதலாளி 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும் கட்ட வேண்டும். வேலைநீக்கத்துக்கு எதிரான 1971ஆம் ஆண்டுச் சட்டமோ 15 பேருக்குக் குறைந்த கடைகளைத் தொடுவதில்லை. அதனால் சின்னக் கடை ஊழியருக்கு எழுத்தில் ஒரு நியமனக் கடிதம் இன்னும் அவசியம். அதற்கும், லீவு நாளை முன்கூட்டிச் சொல்வதற்கும், வாடிக்கையாளர் முன்னால் ஏசாமல் இருப்பதற்கும் காசு தேவையில்லை. கைதேர்ந்த ஆள் விட்டுப் போவதுதான் கடைக்கு உண்மையான நட்டம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மையோ மனச்சோர்வோ நீடித்தால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள். உங்கள் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தை முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடுங்கள். அது உங்கள் உரிமை.